கரண்டி பிடிப்பவரிடம் யார் பேசுவது?

அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவர் கையில் மருத்துவமனை ஒரு கோப்பைக் கொடுக்கிறது. எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, எத்தனை நாளைக்கு என்று எல்லாம் அதில் இருக்கும். தையல் பிரிக்க என்றைக்கு வர வேண்டும் என்பதும் இருக்கும். உணவுக்கான இடத்தில் மட்டும் ‘நார்மல் டயட்’ என்றோ ‘சாஃப்ட் டயட்’ என்றோ எழுதி முடித்திருப்பார்கள். அதை வைத்துக்கொண்டு அடுத்த ஆறு வாரம் மூன்று வேளையும் சமைக்கப்போகிறவர் யார் என்று அந்தத் தாளை எழுதியவருக்குத் தெரியாது. அவரைக் கூப்பிட்டு யாரும் பேசியிருக்கவும் மாட்டார்கள்.

பெரும்பாலும் அவர் நோயாளியின் மனைவி. சில வீடுகளில் கணவர். மருத்துவமனை பேசாவிட்டால் என்ன, சொல்வதற்கு வேறு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். பக்கத்துப் படுக்கைக்காரரின் அக்கா, ஊரிலிருந்து ஆரஞ்சுப் பழத்தோடு வந்த பெரியம்மா, வார்டு ஆயாம்மா, குடும்ப வாட்ஸ்அப் குழு. மற்ற விஷயங்களில் ஆளுக்கொன்று சொன்னாலும் ஒன்றில் எல்லோரும் ஒரே குரல்: தையல் போட்ட உடம்புக்குப் பருப்பு ஆகாது, சீழ் வைத்துவிடும். முட்டையும் அப்படித்தான். மீன் புண்ணைக் கிளறும், கத்திரிக்காய் அரிக்கும், உருளைக்கிழங்கு வாயு, தயிர் சளி. இத்தனையும் கழித்த பிறகு அடுப்பங்கரையில் மிஞ்சுவது கஞ்சி, இட்லி, மிளகு ரசம், ரொட்டி, ரஸ்க்.

சீழ் கிருமியால் வருகிறது, துவரம்பருப்பால் வருவதில்லை. இதைச் சொன்னால் பத்தியம் என்ற பழைய ஞானத்தையே பழிப்பதாகச் சிலர் சண்டைக்கு வருவார்கள். சித்த மருத்துவத்தில் பத்தியம் மருந்தோடு சேர்ந்தது. இந்த மருந்துக்குப் புளி கூடாது, அந்த மருந்துக்கு உப்புக் கூடாது, இத்தனை நாளைக்கு என்று அதற்கு ஒரு கணக்கு உண்டு. நாம் மருந்தை விட்டுவிட்டோம், நாள் கணக்கையும் விட்டுவிட்டோம். விலக்கை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு லேப்ராஸ்கோப்பிக்கும் பைபாஸுக்கும் ஒரே பட்டியலைப் போடுகிறோம்.

இதனால் என்ன நஷ்டம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்குச் சாதாரண நாளில் ஏறக்குறைய 50 கிராம் புரதம் தேவை. ஒரு பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு உடல் எடையில் கிலோவுக்கு 1.5 கிராம் வரை தேவைப்படலாம் என்று ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்து வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. அதாவது, 90 கிராம். இப்போது நம் பத்தியத் தட்டுக்கு வருவோம். ஒரு தம்ளர் அரிசிக் கஞ்சியில் இரண்டு, மிஞ்சினால் மூன்று கிராம். ஓர் இட்லியில் சுமார் 2 கிராம். ரசம் சாதத்தில் ஐந்தாறு. இரண்டு ரொட்டித் துண்டு, இரண்டு வேளை பால் சேர்த்தாலும் நாள் முழுக்க 30 கிராமைத் தொடுவதே பெரும்பாடு. வெட்டித் தைத்த இடத்தில் புதுச் சதையைக் கட்ட உடம்புக்குப் புரதம் வேண்டும். தட்டில் கிடைக்கவில்லை என்றால் தொடையிலும் தோளிலும் இருக்கும் தசையைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். ஆபரேஷனுக்குப் பிறகு ஆள் ‘இளைத்து’ப்போவதாகவும் எழுந்து நடந்தால் கால் நடுங்குவதாகவும் சொல்கிறோமே, அதில் பெரும்பங்கு இந்தத் தசைக் கரைவுதான்.

மருத்துவ உலகுக்கு இது புதிய செய்தி அல்ல. 1930-களின் தொடக்கத்திலேயே கிளாஸ்கோவில் டேவிட் கத்பர்ட்சன் என்ற ஆய்வாளர் எலும்பு முறிந்தவர்களின் சிறுநீரை அளந்து பார்த்து, காயம் பட்ட உடம்பு தன் புரதத்தை எவ்வளவு வேகமாக இழக்கிறது என்று காட்டினார். 1936-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஹிராம் ஸ்டட்லி என்ற அறுவை மருத்துவர் வயிற்றுப் புண்ணுக்கு ஆபரேஷன் செய்துகொண்டவர்களைக் கணக்கெடுத்தார். அதற்கு முன்பே தம் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இழந்திருந்தவர்களில் 33 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள்; அவ்வளவு இழக்காதவர்களில் 3.5 சதவீதம் பேர். ஒரே நோய், ஒரே ஆபரேஷன். அந்தக் காலத்து மயக்க மருந்தும் கிருமிநாசினியும் இன்றில்லை என்பது உண்மை. ஆனால், மேசைக்கு வரும் உடம்பு எப்படி வருகிறது, அங்கிருந்து போகும் உடம்புக்கு என்ன கிடைக்கிறது என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

அசைவ வீடுகளில் பருப்பும் முட்டையும் விலக்கப்பட்ட இடத்தில் ஆட்டுக்கால் சூப் வந்து உட்கார்ந்துகொள்ளும். எலும்பு சேர எலும்புச் சாறு என்பது கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. எலும்புச் சாறே நல்ல உணவு என்ற நம்பிக்கையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பாரிஸ் மருத்துவமனைகளில் எலும்பைக் காய்ச்சி எடுத்த ஜெலட்டின் சாற்றை நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். அது உண்மையில் உணவுதானா என்ற சர்ச்சை வளர்ந்து, பிரெஞ்சு அறிவியல் கழகம் ஒரு குழுவைப் போட்டது. உடலியல் அறிஞர் மஜாந்தியின் தலைமையிலான அந்தக் குழுவின் அறிக்கை 1841-இல் வந்தது: ஜெலட்டினை மட்டும் தின்று நாய்கள்கூட உயிர் பிழைக்கவில்லை. உடம்புக்கு அத்தியாவசியமான டிரிப்டோபன் என்ற அமினோ அமிலம் அதில் இல்லை என்பது பின்னால் தெரிந்தது. சூப் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மிளகு தட்டிப்போட்ட சூடான சூப் வாய்க்கு ருசி தரும், தண்ணீரும் உப்பும் உள்ளே போகும், பசியையும் கொஞ்சம் கிளப்பும். அதைக் குடித்துவிட்டு இரண்டு துண்டு மீனையும் சாப்பிட்டால் கணக்கு நேராகும்.

வீட்டில் சமைப்பவர்கள் செய்வதெல்லாம் தவறு, மருத்துவமனைத் தட்டு மட்டுமே சரி என்ற முடிவுக்கு யாரும் போய்விடக் கூடாது. எனக்குத் தெரிந்தவரை நிலைமை ஏறக்குறைய நேர்மாறானது. உணவியல் நிபுணர் கிராம் கணக்கில் எழுதிக்கொடுத்த தட்டு மூடிய மூடியோடு அப்படியே திரும்பிப்போவதை எந்த வார்டிலும் பார்க்கலாம். என் மனைவிக்குக் கர்ப்பப்பையை அகற்றிய பிறகு மெட்ரோனிடசோல் போய்க்கொண்டிருந்தது. அந்த மருந்து வாயில் ஒரு உலோகக் கசப்பை விட்டுச்செல்லும். மருத்துவமனை இட்லியை முகர்ந்துகூடப் பார்க்க மாட்டேன் என்றாள். குழைய வடித்த சோற்றில் பாலும் தயிரும் விட்டுப் பிசைந்து, நார்த்தங்காய் ஊறுகாயை நுனிநாக்கில் தொட்டுக்கொள்கிற அளவுக்கு வைத்துக் கொண்டுபோனேன். அது இறங்கியது. மறுநாள் அதே சோற்றில் வேகவைத்து மசித்த பாசிப்பருப்பைச் சேர்த்தேன். தெரிந்தும் தெரியாததுபோல் சாப்பிட்டாள். வாய்க்கு எது பிடிக்கும், எந்த வாசனைக்குக் குமட்டும், எந்த நேரத்தில் பசிக்கும், எப்போது கோபத்தில் ‘வேண்டாம்’ என்கிறாள், எப்போது உண்மையிலேயே முடியவில்லை என்று பிரித்துச் சொல்ல இருபது வருடக் குடித்தனம் தேவைப்படுகிறது. எந்த டயட் சார்ட்டிலும் அதற்குக் கட்டம் கிடையாது. உள்ளே போகாத புரதம் எவ்வளவு துல்லியமாக அளக்கப்பட்டிருந்தாலும் அது தட்டில்தான் இருக்கிறது.

இந்த அறிவுக்கு மருத்துவமனை தன் அறிவில் கொஞ்சத்தைக் கொடுக்க வேண்டும் என்பதுதான் என் வாதம். சொல்ல வேண்டியது அதிகமில்லை. ஒரே வேளையில் மூன்று கரண்டி திணிக்காமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அரைக் கரண்டி கொடுங்கள். கஞ்சி கொடுப்பதாக இருந்தால் வறுத்த பாசிப்பருப்பைப் பாதிக்குப் பாதி போட்டுக் காய்ச்சுங்கள், அல்லது மோர் விட்டுக் கரையுங்கள். இட்லிக்குச் சர்க்கரையைத் தொட்டுக்கொள்வதற்குப் பதில் பருப்புப் பொடி, கெட்டிச் சாம்பார். ஒரு நாளில் இரண்டு முட்டை, ஒரு கிண்ணம் தயிர், ஒரு கரண்டிப் பருப்பு, கொஞ்சம் சுண்டல் அல்லது மீன் சேர்ந்தால் ஏறக்குறைய 30 கிராம் கூடும். கொய்யாவோ நெல்லிக்காயோ இருந்தால் காயம் ஆறத் தேவையான வைட்டமின் சி கிடைத்துவிடும். தள்ளுவண்டியில் கிடைக்கிற கொய்யாவை விட்டுவிட்டு ஆப்பிளுக்கு அலைய வேண்டியதில்லை. வலி மாத்திரைகள் சில மலத்தை இறுக்கும். முக்கினால் தையலுக்குக் கேடு. ஆகவே முருங்கைக்கீரையும் தண்ணீரும் அந்த வாரத்தின் மருந்து.

இதில் எதுவும் எல்லோருக்கும் பொருந்தாது என்பதால்தான் மருத்துவமனையே பேச வேண்டும் என்கிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் வெளியானபோது தமிழகத்தில் வயதுவந்தோரில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு என்று சொன்னது. அவர்களுக்கு வெறும் அரிசிக் கஞ்சி சர்க்கரையை விர்ரென்று ஏற்றிவிடும். சர்க்கரை ஏறினால் காயம் ஆறாது, கிருமிக்குக் கொண்டாட்டம். ‘பாவம், உடம்பு முடியாதவர்’ என்று பாசத்தோடு ஊட்டுகிற கஞ்சியே அங்கே கெடுதல் செய்கிறது. இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் வகை மாத்திரை சாப்பிடுபவர் ஒருநாள் கீரையைக் குவித்துத் தின்று மறுவாரம் முழுக்க நிறுத்தினால் மருந்தின் அளவே தடம் மாறும். கீரையை விலக்க வேண்டாம், ஒரே அளவாகச் சாப்பிட வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு வரிசையாக வாங்கிக் கொடுக்கிற இளநீர் பொட்டாசியத்தை ஏற்றி இதயத்துக்கே ஆபத்தாகலாம். அவருக்குப் புரதத்தின் அளவும் வேறு. மனைவிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? சொன்னால் தெரியும்.

எப்போது சாப்பிடத் தொடங்கலாம் என்பதிலும் நிறைய மாறிவிட்டது. ‘கேஸ் போச்சா?’ என்று சிஸ்டர் கேட்பதும், போகும்வரை சொட்டுத் தண்ணீர் கிடையாது என்பதும் நம் வார்டுகளின் நித்தியக் காட்சி. சிறுகுடல் ஆபரேஷனுக்குப் பிறகு சில மணி நேரத்திலேயே அசையத் தொடங்கிவிடுகிறது. பெருங்குடல்தான் இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொள்ளும். 1990-களில் டென்மார்க்கின் அறுவை மருத்துவர் ஹென்ரிக் கேலட் தொடங்கிவைத்த விரைவு மீட்பு முறை பல அறுவை சிகிச்சைகளில் பட்டினியைக் குறைத்துவிட்டது. ஆபரேஷனுக்கு இரண்டு மணி நேரம் முன்புவரை தெளிந்த திரவம், முடிந்த பிறகு கூடிய சீக்கிரம் வாய்வழி உணவு, அன்றே எழுந்து நடப்பது. எல்லா ஆபரேஷனுக்கும் இது பொருந்தாது, மயக்க மருத்துவரின் சொல்லே கடைசி. ஆனாலும், காலை பதினோரு மணிக்கு ஆபரேஷன் என்றால் முந்தின இரவு எட்டு மணியிலிருந்தே பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது என்று நாக்கு வறண்டு படுத்திருப்பவர்களை இன்றும் பார்க்கிறோம்.

வீட்டுச் சாப்பாடு வாசலைத் தாண்டுவது அடுத்த பிரச்சினை. பெரிய தனியார் மருத்துவமனைகள் பலவற்றில் வெளி உணவுக்கு அனுமதியில்லை. கிருமி வரும் என்பது காரணம். அந்தக் காரணம் பொய்யில்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு வடித்து மூடிய சோற்றைப் பகல் ஒரு மணிக்கு மிதமான சூட்டில் திறந்தால், சமையலில் சாகாமல் தப்பிய பேசில்லஸ் என்ற கிருமியின் வித்துகள் முளைத்து அதற்குள் பெருகியிருக்கும். ஆவி பறக்க 60 டிகிரிக்கு மேல் வைத்திருங்கள், இல்லையேல் சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிடக் கொடுங்கள் என்று சொல்லலாம். தளத்துக்கு ஒரு மைக்ரோவேவ் அடுப்பு வைக்கலாம். பை பையாகச் சோதித்து டிபன் கேரியரைப் பறித்து வைப்பதற்குச் செலவிடுகிற ஆள் பலத்தில் இதைச் செய்துவிட முடியும். தடையின் பின்னால் கேன்டீன் வருமானம் இருக்கிறது என்று சந்தேகப்படுபவர்களின் வாயை அடைக்கவும் அதுவே நல்ல வழி.

அரசு மருத்துவமனைகளில் நோயாளிக்கு ரொட்டி, பால், முட்டை, சோறு எல்லாம் கொடுக்கிறார்கள். கூட இருப்பவருக்குக் கிடையாது. அதனால் வார்டுத் தட்டை மனைவி சாப்பிடுவதும், வீட்டிலிருந்து வந்த தூக்கைக் கணவர் சாப்பிடுவதும், முட்டை யாருக்குப் போனது என்று யாருக்கும் தெரியாமலிருப்பதும் சாதாரணம். சென்னையில் 2013-இல் அம்மா உணவகம் வந்து, பிறகு அரசு மருத்துவமனை வளாகங்களுக்குள்ளும் திறக்கப்பட்டபோது, ஒரு ரூபாய் இட்லி அங்கே நோயாளியைவிட நோயாளியின் துணைக்கு இருப்பவரைத்தான் அதிகம் காப்பாற்றியது. 1976-இல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, முகாம்களிலிருந்து ஏழைகளைக் கண்புரை அறுவைக்கு அழைத்துவந்தபோது, சிகிச்சை இலவசம் என்றால் மட்டும் போதாது, போக்குவரத்தும் சாப்பாடும் சேர்ந்தால்தான் ஆள் வருவார் என்பதைப் புரிந்துகொண்டு இரண்டையும் சேர்த்தே கொடுத்தது.

இதுவரை பெரும்பாலும் ‘மனைவி சமைப்பார்’ என்ற அனுமானத்தில் பேசிவந்தேன். படுத்திருப்பவர் மனைவியாக இருந்தால்? 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழகத்துப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் மட்டும் எடுத்தால் 63.8 சதவீதம். நம் ஊரில் ஒரு கணவர் தன் துணைக்கு நடக்கிற அறுவை சிகிச்சையை முதலில் சந்திக்கிற இடம் பெரும்பாலும் இதுதான். ஆனால், அவர் பார்மஸி வரிசையிலும் பில் கவுன்டரிலும் நிற்பார். சமையலுக்கு மாமியார் வந்துவிடுவார், அல்லது பெண் தாய்வீட்டுக்குப் போய்விடுவாள். பிற்பாடு கர்ப்பப்பைக்கோ பித்தப்பைக்கோ ஆபரேஷன் நடக்கும்போது மாமியாருக்கு எழுபது வயது ஆகியிருக்கும், வருவதற்கு ஆள் இருக்காது. ஓட்டல் இட்லியும் ஆன்லைன் பிரியாணியும் நான்கு நாள் தாங்கும். ஐந்தாம் நாள் ‘நானே பார்த்துக்கிறேன், விடுங்க’ என்று அவள் எழுந்து வந்து ஆறு லிட்டர் குக்கரைத் தூக்குவாள். வயிற்றில் பெரிய ஆபரேஷன் நடந்தால் ஆறு வாரத்துக்குப் பளு தூக்கக் கூடாது என்பார்கள் மருத்துவர்கள். தண்ணீர்க் குடமும் கிரைண்டர் கல்லும் பளுதான் என்று தனியாகச் சொல்வதில்லை.

மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடம் செலவிடுவதாகவும், ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடம் செலவிடுவதாகவும் தெரியவந்தது. அந்த 289 நிமிடமும் ஆபரேஷன் நாளன்று திடீரென்று ஆளில்லாமல் நின்றுபோகின்றன. திட்டமிட்ட அறுவை சிகிச்சை என்றால் முன்கூட்டியே இரண்டு வாரமாவது கிடைக்கும். ரத்தப் பரிசோதனை, இ.சி.ஜி., எக்ஸ்ரே என்று ஃபிட்னஸ் பட்டியல் எழுதும்போது, ‘கணவருக்குச் சோறு வடிக்கத் தெரியுமா?’ என்றும் ஒரு வரி சேர்க்கலாம் என்று நான் பாதி விளையாட்டாகச் சொல்வதுண்டு. மீதிப் பாதி விளையாட்டு இல்லை. பருப்பு வேகவைக்க, குழைய வடிக்க, ரசம் வைக்க, முட்டை அவிக்க, கீரை கடைய ஒரு மனிதனுக்கு ஒரு வாரம் போதும். இட்லி மாவைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம், அதில் வீராப்பு எதுவும் வேண்டாம். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, எழுபது வயதில் ஒருவர் இன்னொருவருக்குச் சமைக்கிற வீடுகளுக்குப் பத்தியச் சாப்பாடு கொண்டுவந்து தருகிறவர்களும் பல ஊர்களில் வந்துவிட்டார்கள். அவர்களிடமும் கஞ்சியோடு பருப்பு கேட்டு வாங்க வேண்டும்.

உணவையும் சிகிச்சையாகப் பார்க்க அரசுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. காசநோயாளிகளுக்கு 2018 முதல் மாதம் 500 ரூபாய் சத்துணவுக்காகக் கொடுக்கப்பட்டு, 2024 நவம்பரில் அது 1,000 ரூபாய் ஆனது. கருவுற்ற பெண்களுக்கான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாயில் ஊட்டச்சத்துப் பெட்டகங்களும் அடக்கம். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டில் மாநிலம் முழுக்க எத்தனையோ பெரிய அறுவை சிகிச்சைகள் நடக்கின்றன. அந்த ஒவ்வொரு கோப்பிலும் தமிழில் ஒரு பக்கத்தை இணைத்தால் என்ன? அதில் கிராமும் கலோரியும் வேண்டாம். தம்ளர், கரண்டி, கிண்ணம் போதும். சர்க்கரை உள்ளவருக்கு ஒரு தாள், வால்வு மாற்றியவருக்கு ஒரு தாள், சிறுநீரகக்காரருக்கு ஒரு தாள். ‘பருப்பு கொடுக்கலாம், முட்டை கொடுக்கலாம்’ என்று மேலே கொட்டை எழுத்தில் இருக்கட்டும். பெரியம்மாவிடம் காட்ட டாக்டர் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் இருந்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

தாளை நீட்டுவதற்கு முன் கால் மணி நேரம் உட்கார்ந்து பேசுவது அதைவிட முக்கியம். கூட்டம் நெரிகிற வார்டில் இதற்கு ஏது நேரம் என்று டியூட்டி டாக்டர்கள் கேட்பார்கள்; அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அந்த வேலை டாக்டருடையதாக இருக்க வேண்டியதில்லை. பெரிய அரசு மருத்துவமனைகளில் உணவியல் பிரிவு இருக்கிறது. அதன் கவனம் சமையற்கூடத்தைத் தாண்டி வார்டுக்கு வருவது குறைவு. அட்மிஷன் நாளிலேயே ‘வீட்டில் யார் சமைப்பார்கள்?’ என்று கேட்டு, அந்த ஆளின் பெயரை கேஸ் ஷீட்டில் எழுதி, ஆபரேஷனுக்கு முன்பே அவரைக் கூப்பிட்டுப் பேசலாம். வீடு திரும்பிய பிறகும் பேச ஆள் உண்டு: 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டத்தின் பணியாளர்கள் ரத்த அழுத்தக் கருவியோடு தெருத் தெருவாகப் போகிறார்கள். அறுவை சிகிச்சை முடித்து வந்தவர் இருக்கும் வீட்டில் மாத்திரையைக் கொடுத்துவிட்டு, இன்றைக்கு என்ன சமைத்தீர்கள், அவர் எவ்வளவு சாப்பிட்டார் என்று அடுப்பங்கரைப் பக்கம் திரும்பிக் கேட்க அவர்களுக்கு இரண்டு நிமிடம் ஆகும்.